மேற்படியார் மூத்த சம்சாரம்

தம்பி என்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்டான். கேட்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர் வீட்டை விற்றுவிடலாம், வாங்குகிறவர் தயாராக இருக்கிறார், நீயும் அத்தைகளும் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டால் வேலை சுலபம் என்றான். "உனக்குச் சேர வேண்டியதைத் தனியாத் தந்துடறேன்க்கா" என்றும் சொன்னான். தருவான், அவன் அப்படிப்பட்டவன்தான். ஆனால் நான் வகுப்பில் பிரதியைப் படிக்கச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். படிக்காத காகிதத்தில் கையெழுத்திடக் கை வரவில்லை. "பழைய பத்திரத்தையெல்லாம் ஒரு தடவை படிச்சுட்டுப் போடறேன்" என்றேன். படிக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது.

சொத்து விவகாரத்தில் முதல் பத்திரத்தைத் தாய்ப்பத்திரம் என்கிறார்கள். எங்கள் வீட்டுத் தாய்ப்பத்திரத்தில் தாய் எவளும் இல்லை. எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், அவரவர் தகப்பனார், நான்கு எல்லைக்கும் உரியவர்கள், சாட்சிகள், பத்திரம் எழுதியவர் எல்லோரும் ஆண்கள். என் பூட்டனார் பெயர் இருந்தது, அவருடைய அப்பா பெயரும் இருந்தது. ஒரே மாலையில் ஐந்து தலைமுறை ஆண்களை வரிசையாக எழுதிவிட முடிந்தது. பெண்கள் பக்கம் எழுதத் தொடங்கியபோது அப்பத்தாவோடு பேனா நின்றுவிட்டது. அப்பத்தாவின் மாமியாருக்கு எல்லோருக்கும் தெரிந்த பெயர் 'பெரியாயா'. அது பெயர் இல்லை.

பெரியாயா பூட்டனாருக்கு இளைய தாரம் என்பதும் எங்களுக்குத் தெரியும். மூத்தவள் வாந்திபேதியில் போய்விட்டாள், கைக்குழந்தையும் கூடவே போய்விட்டது, அதனால் இரண்டாவது கட்டினார் என்பது கதை. என் சின்ன அத்தை இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரே மாதிரி, ஒரே வார்த்தைகளில் சொல்வார். மனப்பாடம் செய்த செய்யுள் போல. வாய்மொழிக் கதைகளைப் பற்றி ஆய்வேடு எழுதியவள் நான், சொல்பவருக்குச் சொல்பவர் மாறாத கதை பெரும்பாலும் யாரோ ஒருவர் கட்டிக்கொடுத்த கதை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சொந்த வீட்டுக் கதையை யார் ஆராய்கிறார்கள்?

குடும்ப வரலாறு தேடுவதற்கு வெளிநாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிப் புத்தகங்கள் நிறைய. அவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. பிரிட்டனில் நூறு ஆண்டு கழிந்ததும் அந்த ஏடுகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வீடு, பெண்கள் உட்பட, பெயர், வயது, பிறந்த ஊர். நம்முடையது வேறு சட்டம். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தனியாளைப் பற்றிக் கணக்கெடுப்பில் எழுதிக்கொண்டதை இன்னொருவர் பார்க்க முடியாது. நமக்குக் கிடைப்பது கூட்டுத்தொகை மட்டுமே. ஆகவே இங்கே தேடுகிறவள் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும், நிலமுள்ள வீடாக இருந்தால்.

அதற்கு முன்னால் இறப்புப் பதிவைப் பார்த்துவிட நினைத்தேன். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இல் சட்டம் வந்தது. கிராமத்தில் மணியக்காரர் எழுதுவார், பிரதி தாலுகாவுக்குப் போகும். 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை அரசு ஒழித்தபோது எத்தனையோ வீட்டுப் பரண்களில் இருந்த ஏடுகள் கைமாறின, எல்லாம் முழுதாகப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்ல முடியாது. எனக்கு வாய்த்தது தாலுகாவில் மிஞ்சியிருந்த சில கட்டுகள். நான் புரட்டிய பக்கங்களில் பிறப்புப் பகுதியில் குழந்தையின் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலி. 'பெண்' என்று ஒரு சொல், பக்கத்தில் தகப்பன் பெயர், சாதி. இறப்புப் பகுதியில் காரணம் எழுதியிருந்தது. சுரம், வைசூரி, வாந்திபேதி, பிரசவம். பிரசவம் என்ற சொல்லை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். 1929 முதல் 1932 வரை எங்கள் ஊரில் வாந்திபேதியில் இறந்தவர்களில் என் பூட்டனாரின் மனைவி இல்லை. ஏட்டில் இல்லாதது சான்றாகாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எழுத விட்டுப்போயிருக்கலாம். அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றிருக்கலாம்.

பிறகு சார்பதிவாளர் அலுவலகம். 1975க்குப் பிந்தைய வில்லங்கச் சான்றை வீட்டில் உட்கார்ந்தே கணினியில் பார்த்துவிடலாம். அதற்கு முந்தையதற்கு மனு எழுதி, ஆண்டுக் கணக்கில் தேடுதல் கட்டணம் கட்டி, காத்திருக்க வேண்டும். மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: அசையாச் சொத்துப் பத்திரங்கள் நகலெடுக்கப்படும் முதல் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே சொல்கிறது. "நீங்க யாரு? எதுக்கு?" என்ற கேள்வி வந்தால் அசர வேண்டாம். அந்தப் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணைகள். ஒன்று பெயர்களால் ஆனது, மற்றது சொத்துக்களால் ஆனது. நான் போன இடத்தில் ஊழியர் ஒருவர் அக்கறையோடுதான் கேட்டார்: "ஆம்பளை யார் பேருல தேடணும் சொல்லுங்கம்மா." பெயர் தெரியாத ஒருத்தியைப் பெயர் அட்டவணையில் தேட முடியாது. நான் சர்வே எண் கொடுத்தேன்.

ஆற்றங்கரை வயல் என்று ஒன்று எங்கள் வீட்டுப் பேச்சில் அடிபடும். ஒரு ஏக்கர் சொச்சம் நஞ்சை. அதை விற்ற பணத்தில்தான் ஊர் வீட்டின் முன்கட்டும் தேக்குத் தூண் வைத்த திண்ணையும் எழும்பின. தம்பி இப்போது விற்க நினைக்கும் வீடு அது. பழைய பட்டாவில் அந்த வயலின் எண் இருந்தது. 1925 தொடங்கி 1975 வரை தேடச் சொன்னேன். இரண்டே பதிவுகள் வந்தன. ஒன்று 1963இல் கிரயம். மற்றொன்று 1947 செப்டம்பரில், 'ஜீவனாம்ச உடன்படிக்கை'.

நகல் கைக்கு வர இருபது நாள் ஆனது. நகலெழுத்தரின் கையெழுத்து சீரானது, பக்கத்துக்குப் பக்கம் சாய்வு மாறாதது. சர்வசித்து வருஷம் ஆவணி மாதம் இன்ன தேதி, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் ஒரு பார்ட்டியாகவும், மேற்படியார் மூத்த சம்சாரம் இன்னாள் மற்றொரு பார்ட்டியாகவும் சேர்ந்து எழுதிக்கொண்டது. அந்த 'இன்னாள்' இருந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தது. பதினேழு வருடத்துக்கு முன்பே இறந்துபோனதாக எங்களுக்குச் சொல்லப்பட்டவள், ஆற்றுக்கு அக்கரையில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். கூடவே 'மேற்படி தம்பதிகளுக்குப் பிறந்த மைனர் பெண்' என்று இன்னொரு பெயர். அவளுக்கு வயது பதினேழு.

சாராம்சம் இதுதான். அவள் இனிமேல் கணவன் மீதும் அவன் சொத்தின் மீதும் ஜீவனாம்சம் கேட்டு வழக்காடுவதில்லை. அதற்கு ஈடாக ஆற்றங்கரை வயலை ஆயுசுவரை அனுபவிக்க வேண்டியது. விற்கவோ அடமானம் வைக்கவோ அவளுக்கு அதிகாரம் இல்லை. பிற்காலத்தில் அது கணவனின் ஆண் வாரிசுகளைச் சேரும். பெண்ணின் கல்யாணச் செலவுக்கு முந்நூறு ரூபாய் ரொக்கம். இது தவிர தனக்கோ தன் பெண்ணுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை. முழுமனதோடும் நல்ல நினைவோடும் சம்மதித்து எழுதியது.

பின்தொடர்ச்சி என்ற சொல்லை அதற்கு முன் எத்தனையோ பத்திரங்களில் கண் ஓட்டிப் போயிருக்கிறேன். அன்றைக்கு அது நின்று என்னைப் பார்த்தது.

ஏன் 1947? இந்தக் கேள்விதான் என்னைச் சட்டப் புத்தகங்களுக்கு அனுப்பியது. அந்தக் காலத்தில் இந்து ஆண் இரண்டாவது கட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. சென்னை மாகாணத்தில் இருதார மணம் தடைசெய்யப்பட்டது 1949இல்தான். கணவன் இன்னொருத்தியைக் கட்டினான் என்பதற்காக மட்டும் முதல் மனைவி பிரிந்து வாழ்ந்துகொண்டு ஜீவனாம்சம் கேட்டுவிட முடியாது. கொடுமையையோ கைவிட்டதையோ நிரூபிக்க வேண்டியிருந்தது. 1946இல் அது மாறியது. கணவன் மறுமணம் செய்திருந்தால் மனைவி தனித்து வாழ்ந்தபடியே ஜீவனாம்சம் பெறலாம் என்று தனிச் சட்டம் வந்தது. மறுவருடமே எங்கள் வீட்டில் பத்திரம் எழுதப்பட்டிருக்கிறது. பதினேழு வருடம் அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டிய தேவை எங்கள் வீட்டுக்கு இருக்கவில்லை. அவள் எதையாவது கேட்கலாம் என்ற நிலை வந்ததும் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பெயர் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். அவளாகவே வக்கீலைப் பார்த்திருக்கவும் கூடும். எனக்கு அப்படி நம்பப் பிடிக்கிறது, அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து யாரோ செய்தித்தாள் வாசிக்கக் கேட்டவளாக அவளை நினைத்துக்கொள்ள. ஆனால் காகிதம் அதைச் சொல்லவில்லை.

நகலின் கடைசியில் அவள் பெயருக்கு நேராக 'இடது கைப் பெருவிரல் ரேகை' என்று எழுதியிருந்தது. ரேகை இல்லை, ரேகை என்ற சொல்தான் இருந்தது. அலுவலகப் புத்தகம் கையால் எடுத்த நகல், மூலம் எழுதி வாங்கியவரிடம் போய்விடும். எழுதி வாங்கியவர் என் பூட்டனார். அப்படியென்றால் மூலம் எங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

அத்தைக்குப் போன் செய்தேன். ஊர் வீட்டு அரங்கு அறையில் ஒரு தகரப் பெட்டி உண்டு. "அதை ஏண்டி கிண்டுறே" என்றார். பிறகு அவரே பஸ் ஏறி வந்தார். சாவி இல்லை, பூட்டை உடைத்தோம். கிஸ்தி ரசீதுகள், ஒரு ஜாதகக் கட்டு, பாச்சை உருண்டை கரைந்த வாசனை, துணியில் சுற்றிய பத்திரங்கள். அதில் அது இருந்தது. ஸ்டாம்புக் காகிதத்தின் பின்பக்கம், ஊதா மையில், ஒரு சிறிய பெருவிரல். சற்று இழுபட்டிருந்தது, யாரோ பிடித்து அழுத்தியது போலவும் இருந்தது, தானே கை நடுங்கியது போலவும் இருந்தது. அத்தை தன் விரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, "தாத்தா செத்தப்போ வெளியூர்க் கிழவி ஒண்ணு வந்து கொல்லைப்பக்கம் உக்காந்து அழுதுச்சு. யாருன்னு கேட்டேன். உறவுக்காரின்னாங்க" என்றார். பூட்டனார் இறந்தது 1968இல். அத்தைக்கு அப்போது பத்து வயது.

அவள் செத்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வீடு, அவள் உயிரோடு இருந்ததற்கான காகிதத்தை எழுபது வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தது. பத்திரம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தமிழின் தற்செயல்தான்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "எங்க வீட்ல பத்திரமே கிடையாதே மேடம், நாங்க எங்க போய்த் தேடுறது?" அவளுடைய பாட்டிகள் மற்றவர் வயலில் நடவு நட்டவர்கள். நியாயமான கேள்வி. நிலம் வைத்திருந்த இடைநிலைச் சாதி வீட்டில் பிறந்ததால்தான் எனக்கு ஒரு பெருவிரலாவது கிடைத்தது. அவளோடு சேர்ந்து நான் பார்த்தது கப்பல் பட்டியல்களை. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 152,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அந்தப் பட்டியல்களில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை. எங்கள் வீட்டில் நிலத்தோடு இருந்தவளுக்கு இல்லாத பதிவு, ஒன்றுமில்லாமல் கடல் கடந்தவளுக்கு இருக்கிறது. மகிழ்ந்துவிட வேண்டாம். ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடிக்கத் தழும்பை எழுதிவைத்தார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. ராஜராஜன் அங்கே குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவள் என்பதுவரை. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முன் நம் ஊரில் பெண்களின் பெயரைத் தவறாமல் எழுதியிருக்கிறார்கள், அவர்களிடம் வேலை வாங்க வேண்டியிருந்தபோது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லிச் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்த பெண்கள் ஏறக்குறைய 28 லட்சம் பேரின் பதிவுகளை நீக்க வேண்டிவந்தது. பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்தினர். நாம் அப்படியில்லை என்று நிமிர்ந்துகொள்ளும் முன், உங்கள் பூட்டியின் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

இனி அந்த 1963ஆம் வருடத்துக் கிரயம். வயலை விற்றவர்கள் என் பூட்டனாரும் அவருடைய இரண்டு மகன்களும். பத்திரத்தில் 'எங்களுக்குப் பூர்வீகமாய்ப் பாத்தியப்பட்டு எங்கள் அனுபவத்திலிருந்துவரும்' என்ற வழக்கமான வாசகம். அவள் பெயரும் இல்லை, அவள் பெண்ணின் பெயரும் இல்லை. 1947இல் எழுதியபடி ஆயுசுவரைதான் அவளுக்கு உரிமை என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் இடையில் 1956 வந்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒரு பெண் தன் வசம் வைத்திருக்கும் சொத்தில் அவளுக்கிருந்த அரைகுறை உரிமையை முழு உரிமையாக்கியது. ஜீவனாம்சத்துக்கு ஈடாகத் தரப்பட்ட சொத்துக்கும் இது பொருந்தும், 'ஆயுசுவரை' என்று எழுதியிருந்தாலும் பொருந்தும் என்று 1977இல் துளசம்மா என்ற பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வயல் அப்போது அவள் கையில் இருந்திருந்தால் அது முழுக்க அவளுடையது. அதற்குப் பின் அவள் இறந்துபோயிருந்தாலும் பெண்ணுக்குப் பாதி உண்டு. மீதிப் பாதி கணவனுக்கு. ஆம், இரண்டாவது கட்டி அனுப்பிய கணவனுக்குத்தான், சட்டம் அதையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. எப்படிப் பார்த்தாலும் அந்தக் கிரயத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்து குறைகிறது. அந்தப் பணத்தில் எழும்பிய திண்ணையில்தான் நான் அரிச்சுவடி படித்தேன்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அறுபது வருஷம் ஆச்சுக்கா, காலாவதி ஆயிருக்கும்" என்றான். சட்டப்படி அவன் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

அக்கரை ஊருக்கு அத்தையும் நானும் போனோம். அண்ணன் வழி வாரிசுகள் வீட்டை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார்கள். எண்பது தாண்டிய ஒரு பெரியவர் மட்டும் நினைவிலிருந்து எடுத்தார். "வாழாவெட்டியா வந்து இருந்த அம்மா ஒண்ணு... ஒரு பொண்ணு உண்டு." இக்கரையில் செத்தவள், அக்கரையில் வாழாவெட்டி. அவர் சொல்லித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். பெண்களைத் தேடுகிறவர்களுக்கு அவை பொக்கிஷம். அங்கே பெண் குழந்தைக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் வரிசை எண் கிடையாது. தலைமையாசிரியை அலமாரியின் அடித்தட்டிலிருந்து 1936ஆம் வருடத்து ஏட்டை எடுத்துத் தந்தார். ஒன்றாம் வகுப்பு. பெயர். வயது ஆறு. தகப்பனார் பெயர் என் பூட்டனாருடையது. பாதுகாவலர் பெயர் மாமனுடையது. மூன்றாம் வகுப்போடு நின்றிருக்கிறாள். நின்றதற்கான காரணம் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு.

அத்தை அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார். "எனக்கு அத்தை முறை" என்றார்.

இரண்டு பெயர்களையும் இங்கே எழுதாமல் விடுகிறேன். தவிர்ப்பது போலத் தோன்றலாம். அந்தச் சிறுமி வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பேரன் என்று எங்காவது இருக்கக்கூடும். எங்கள் வீடு அவர்களைக் கேட்காமல் செய்தது போதும். அவர்களைக் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டுத்தான் அச்சில் ஏற்ற வேண்டும்.

கையெழுத்துப் போட்டாயா என்று தோழிகள் கேட்கிறார்கள். இன்னும் இல்லை. தம்பியும் இப்போது அவசரப்படுத்துவதில்லை. போன மாதம் அவனே வண்டி எடுத்துக்கொண்டு அக்கரைத் தாலுகாவின் பதிவு அலுவலகத்துக்கு என்னை அழைத்துப் போனான், வாசலில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். 1948 முதல் 1975 வரை பெயர் அட்டவணையில் தேட மனு எழுதினேன். பெயர் கேட்டார்கள், எழுதினேன். தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்று இருந்தது. கணவர் யாரென்று தெரியாது. பேனாவைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு என் பூட்டனார் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, மனுதாரருக்கும் மேற்படி நபருக்கும் என்ன உறவு என்று ஒரு வரி.

'பேத்தி' என்று எழுதிக் கட்டணத்தைக் கட்டினேன். முப்பது நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.